கொழும்புக் காணிப் பேருகளும் பழைய சர்வே பதிவுகளும்: தண்ணி நிண்ட இடத்தை ஆர் எழுதி வச்சது?

களனி கங்கை பெருகிற நாளையில நீர்ப்பாசனத் திணைக்களம் விடுற நீர்மட்ட அறிக்கையை வடிவாப் பாத்தீங்களெண்டா ஒரு விசயம் கண்ணில படும். நோர்வூட், கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல எண்டு மேலயிருந்து கீழ வாற அளவுகோல் எல்லாம் மீற்றர்ல இருக்கும், கடைசியாக் கொழும்புக்குள்ள இருக்கிற நாகலகம் வீதி மட்டும் அடிக்கணக்கில இருக்கும். 4 அடி எண்டா எச்சரிக்கை, 5 அடி எண்டா சிறு வெள்ளம், 7 அடி எண்டா பெரு வெள்ளம். நாடு மீற்றருக்கு மாறி எவ்வளவு காலம், ஆனா அந்த ஒரு இடத்தில அடிதான் நிக்குது, அதால 1947 வெள்ளம், 1989 வெள்ளம், 2016 மே மாச வெள்ளம் எண்டு எல்லாத்தையும் ஒரே கோலில வச்சுப் பாக்க முடியுது.

அந்த நாகலகம் வீதி சும்மா ஒரு வீதி இல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில கொழும்பிலயிருந்து வடக்க, கிழக்க போறவை களனியைத் தோணியில கடந்த துறை அதுதான். கிராண்ட்பாஸ் எண்ட பேரும் அந்தப் 'பெரிய கடவை'யிலயிருந்து வந்தது, நாங்கள் தமிழில பாலத்துறை எண்டுறம், பக்கத்தில தொட்டலங்க எண்டு சிங்களத்தில சொல்லுற இடத்துக்கும் 'துறைக்குக் கிட்ட' எண்டுதான் கருத்து. 1822-இல படகுகளை வரிசையாக் கட்டி மேல பலகை போட்ட மிதவைப் பாலம் வந்திச்சு, 1895-இல விக்டோரியாப் பாலம் வந்திச்சு, தோணித்துறை இல்லாமப் போச்சு. ஆனா இண்டைக்கும் மழைக்காலத்தில கொழும்புச் சனம் முழுக்க அந்தத் துறையின்ர பேரைத்தான் போன்ல தேடுது.

நான் சொல்ல வாறது இதைத்தான். கொழும்பைச் சுத்தியிருக்கிற ஆறு, கால்வாய், பழைய பாதை, ஊர்ப்பேர் பற்றின பதிவுகள் எக்கச்சக்கமா இருக்கு, ஆனா ஒண்டு கூட வரலாறு எழுதோணும் எண்டு செய்தது இல்ல. வரி எடுக்க, கறுவா எடுக்க, படை நடத்த, காணியை அரசாங்கக் காணி ஆக்க எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு தேவை இருந்தது. ஆர், எதுக்கு அளந்தது எண்டு தெரிஞ்சாத்தான் அதை எங்க நம்பலாம், எங்க நம்பக்கூடாது எண்டு விளங்கும். இது தெரியாமப் பழைய மாப் ஒண்டைப் பேஸ்புக்கில போட்டுச் சண்டை பிடிக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்ல.

முதல்ல தோம்பு. யாழ்ப்பாணத்தில பழைய ஆக்களுக்கு இந்தச் சொல் நல்லாத் தெரியும், கொழும்பில பிறந்த பிள்ளையளுக்கு அவ்வளவாத் தெரியாது. காணி, குடும்பம், வரி, ஊழியம் எல்லாத்தையும் ஊர் ஊராப் பதிஞ்ச பெரிய இடாப்புத்தான் தோம்பு. போர்த்துக்கேயர் கோட்டை ராச்சியத்தைத் தங்கட கையில எடுத்தாப் பிறகு, 1610-களில அந்தாவ் வாஸ் ஃப்ரெய்ரே எண்ட அதிகாரியின்ர மேற்பார்வையில கோட்டைக்கான தோம்பு எழுதினவை. அதையும் அவை வெறும் நிலத்திலயிருந்து தொடங்கேல்ல, சிங்கள அரசர் காலத்து லேகம் மிட்டி எண்ட ஏட்டுப் பதிவுகள் ஏற்கனவே இருந்தது, அதுக்கு மேலதான் கட்டினவை. பிறகு 1656 மே 12-இல கொழும்பு ஒல்லாந்தரிட்ட போச்சு. அவை 1740-களில தொடங்கி 1770-கள் வரைக்கும் புதுத் தோம்பு போட்டவை, அதில ரெண்டு பகுதி. ஒண்டு தலைத்தோம்பு, அதில வீட்டுக்காரர், மனுசி, பிள்ளையள், அவையின்ர சாதி, செய்ய வேண்டிய ஊழியம் எல்லாம் இருக்கும். மற்றது காணித்தோம்பு, அதில அந்தக் குடும்பத்துக்கு எந்தெந்தக் காணியில எவ்வளவு பங்கு எண்டு இருக்கும். ரெண்டையும் சேத்து வாசிச்சா ஒரு ஊரே எழும்பி வந்து நிக்கும்.

காணித்தோம்பில என்ன எண்ணியிருக்கினம் எண்டு பாக்க வேணும். தென்னை எத்தினை, பலா எத்தினை, கமுகு எத்தினை, வயல் எண்டா எவ்வளவு விதைப்பு. அதாவது பரப்பளவைச் சதுர அடியில எழுதேல்ல, எவ்வளவு நெல்லு விதைக்கலாம் எண்ட கணக்கில எழுதினவை, அமுணம், குறுணி எண்டு. மேட்டு நிலத்தையும் பள்ளத்தையும் பிரிச்சுக் காட்டுறதும் அந்த விதைப்புக் கணக்குத்தான், ஏனெண்டா விதைப்பு எழுதியிருந்தா அது தண்ணி நிண்ட நிலம், தென்னையும் பலாவும் எண்ணியிருந்தா அது காஞ்ச நிலம். 1760-களில கொழும்பைச் சுத்தி எங்க வயல், எங்க வளவு எண்டு அறிய இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனா அதே தோம்பில ஒற்றையடிப் பாதை எங்க போச்சு, சனம் ஆத்தில எங்க குளிச்சது, கோயில் கேணி எங்க இருந்தது எண்டு தேடினா அனேகமா ஒண்டும் கிடைக்காது. அதுக்கு வரி இல்ல, அதால எழுதேல்ல.

இன்னொண்டும் சொல்ல வேணும், எனக்கு இது முக்கியமாப் படுது. ஒல்லாந்தக் கொம்பனியின்ர கணக்கு வேலையில கணக்கப்பிள்ளைமார் இருந்தவை, ஒல்லாந்தப் பதிவுகளிலேயே அந்தத் தமிழ்ச் சொல் கன்னக்கப்பல் எண்ட மாதிரி திரிஞ்சு வருது. ஊர்ப்பேரை ஊராக்கள் சொல்ல, நாட்டு எழுத்தாக்கள் காதால கேட்டு எழுத, அது ஒல்லாந்த எழுத்துக்கு மாற, பிறகு இங்கிலீசுக்காரன் அதைப் பாத்துத் தன்ர வாய்க்கு ஏத்த மாதிரி எழுத, இப்பிடி நாலு வாய், நாலு கை தாண்டித்தான் ஒரு பேர் எங்களிட்ட வந்து சேருது. முகத்துவாரம் முட்வால் ஆனது அப்பிடித்தான். அதால ஒரு பதிவில ஒரு பேர் இல்ல எண்டு சொல்ல முதல் அதை எத்தினை விதமா எழுதியிருக்கலாம் எண்டு யோசிக்க வேணும்.

இந்த ஒல்லாந்தப் பதிவுகள் இப்ப கொழும்பு 7-இல, முந்தி ரீட் அவெனியு எண்ட பிலிப் குணவர்தன மாவத்தையில இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்தில இருக்கு, சுமார் 7,000 தொகுதி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின்ர ஆவணங்களை 2003-இல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில சேத்தது, அதில கொழும்பில இருக்கிறதும் அடங்கும். பழைய காணி வழக்குகளில தோம்புப் பிரதியைச் சாட்சியா வச்சிருக்கினம், பரம்பரை தேடுற ஆக்களும் அங்க போறவை.

1796-இல இங்கிலீசுக்காரர் வந்தினம், 1800 ஆகஸ்ட் 2-இல ஆளுநர் பிரெடெரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கினார், முதல் சர்வேயர் ஜெனரல் ஜொன்வில் எண்ட பிரெஞ்சுக்காரர், செடி கொடி, உயிரினம் எண்டு இயற்கை ஆராய்ச்சியில ஈடுபாடு உள்ள மனுசன். நாட்டில இருக்கிற மிகப் பழைய அரசாங்கத் திணைக்களங்களில அது ஒண்டு, இப்ப நாரஹேன்பிட்டியில இருக்கு. ஆனா காணி அளக்கிற வேலை உண்மையாச் சூடு பிடிச்சது 1840-க்குப் பிறகுதான். அந்த வருசம் வந்த 12-ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம் எல்லாம் முடிக்குரியது எண்டு எடுத்துக்கொள்ளும், தன்ர எண்டு சொல்லுறவன்தான் நிரூபிக்க வேணும். கோப்பிக்கு நிலம் தேவைப்பட்ட நேரம் அது. அளந்து பிளான் போட்டாத்தான் விக்கலாம், அதால ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பிளான், ஒவ்வொரு பிளானுக்கும் ஒரு இலக்கம். சேனை செய்து விட்டு அடுத்த இடம் போய்த் திரும்பி வாற குடியானவன்ர காணி அந்தப் பிளான்ல 'பயிர் இல்லாத நிலம்' எண்டுதான் தெரியும். படம் பொய் சொல்லேல்ல, அளந்த நாளையில அங்க பயிர் இருந்திருக்காது. ஆனா அது முழு உண்மையும் இல்ல. இதை நான் அழுத்திச் சொல்லுறன், ஏனெண்டா எத்தினையோ குடும்பத்தின்ர நிலம் போனது அந்த ஒரு வரியால.

நாடு முழுக்க ஒரே கணக்கில படம் போடுற வேலைக்கு முக்கோண அளவை வேணும், அதுக்கு ஒரு அடிக்கோடு, அதாவது மற்றக் கணக்கெல்லாத்துக்கும் அடிப்படையாத் துல்லியமா அளந்த ஒரு நேர்கோடு வேணும், அந்த அடிக்கோட்டை 1850-களின்ர கடைசியில நீர்கொழும்புப் பக்கம் அளந்தவை. அதில ஒரு முனை கண்டவல. இண்டைக்கும் ஜிபிஎஸ் சொப்ட்வெயார்ல இலங்கைக்கான பழைய ஆள்கூற்று முறையைத் தேடினா 'கண்டவல' எண்டுதான் வரும், ஒரு சின்ன ஊர்ப்பேர் உலகத்தின்ர கம்பியூட்டர் எல்லாத்திலயும் இருக்கு. 1862-இல ஜெனரல் ஃப்ரேசரின்ர பெரிய இலங்கைப் படம் வந்தது. பிறகு 1897-இல தொடங்கின நில உருவ அளவையில ஒரு மைலுக்கு ஒரு இஞ்ச் எண்ட கணக்கில 72 ஷீட், 1924-இல முடிஞ்சுது. அந்த ஒரு இஞ்ச் ஷீட்டுகளில கொழும்புப் பகுதியைப் பாருங்கோ, கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வயலும் சதுப்பும்தான், அதுக்கு நடுவில மேடா இருக்கிற துண்டுகளில மட்டும் வீடு. 2016-இல எந்த இடம் தாண்டது, 2025 நவம்பர்ல டித்வா புயலோட எந்த இடம் தாண்டது எண்ட படத்தைப் பக்கத்தில வச்சா வேற விளக்கம் தேவையில்ல.

சங்கிலி பற்றி ஒண்டு. அந்தக் காலத்துச் சர்வேயர் இழுத்த சங்கிலி 66 அடி, 100 கண்ணி. அதில கால்வாசி 16.5 அடி, அந்த நீள அகலத்தில ஒரு சதுரம் போட்டா 272.25 சதுர அடி, அதுதான் நாங்கள் இண்டைக்கும் காணி விலை கதைக்கேக்க சொல்லுற ஒரு பேர்ச். 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்துப் பரப்பு 10 பேர்ச்சுக்குச் சமன், 16 பரப்பு ஒரு ஏக்கர். வெள்ளவத்தையில 6 பேர்ச் வாங்கி அப்பார்ட்மென்ட் கட்டுறவருக்கும் தெல்லிப்பளையில 4 பரப்பு வச்சிருக்கிற அவற்ற மாமாவுக்கும் அளவு வந்தது அதே சங்கிலியிலயிருந்துதான்.

இப்ப உறுதிக்கு வருவம். கொழும்பில பழைய காணி உறுதி ஒண்டைக் கையில எடுத்தா, நொத்தாரிசு எழுதின முன்பகுதியைக் கடந்து கடைசியில அட்டவணை எண்டு ஒரு பந்தி இருக்கும். அனேகம் பேர் அதில பேர்ச் எத்தினை எண்டு மட்டும் பாத்துவிட்டு மூடிப்போடுவினம். அந்தப் பந்திதான் பொக்கிசம். 'அம்பகஹவத்த என அழைக்கப்படும் காணி' எண்டு தொடங்கும், பிறகு வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே எல, தெற்கே வயல், மேற்கே பெருந்தெரு எண்டு நாலு எல்லையும் வரும். அம்பகஹவத்த எண்டா மாமர வளவு, ஒரு காலத்தில அந்த இடத்தில ஊருக்கே அடையாளமா ஒரு மாமரம் நிண்டிருக்கும். வத்த எண்டு முடிஞ்சா வளவு, தோட்டம், மேட்டு நிலம். கும்புற எண்டு முடிஞ்சா நெல் வயல். தெனிய எண்டா ரெண்டு மேட்டுக்கு நடுவில ஒடுக்கமா இறங்கிற வயல் பள்ளம். ஓவிட்ட எண்டா வயலை ஒட்டின கொஞ்சம் உயந்த நிலம். வில எண்டா தண்ணி தேங்கிற இடம், எல எண்டா ஓடை, கொட எண்டா கரை, மேடு. பேலியகொட, தெமட்டகொட எண்ட பேருகளில வாற கொட அதுதான், சுத்திவரச் சதுப்பு இருந்தாத்தான் ஒரு துண்டு நிலத்துக்கு மேடு எண்டு பேர் வைப்பினம்.

ஆக ஒரு உறுதியில 'இன்ன கும்புற' எண்டு இருக்கு, கிழக்கு எல்லை எல எண்டு இருக்கு, இப்ப அங்க போய்ப் பாத்தா கொங்கிரீட் வீதி, மூண்டு மாடி வீடு, எல இருந்த இடத்தில மூடின கான். வாங்குறவருக்கு ஏஜென்ட் 'இங்க வெள்ளமே வராது அண்ணை' எண்டு சொல்லுவார், அவர் பொய் சொல்லுறார் எண்டில்ல, அவர் பாத்த காலத்தில வராமல் இருந்திருக்கும். ஆனா அந்த இடத்தில தலைமுறை தலைமுறையா நெல்லு விதைச்ச சனம், தண்ணி அங்க வந்து நிக்கும் எண்டு தெரிஞ்சுதான் அந்தப் பேரை வச்சது. மண் போட்டு நிரப்பினாலும் பள்ளம் பள்ளந்தான், மேலயிருந்து வாற தண்ணிக்கு வழி தெரியும். காணி வாங்கப் போற ஆராவது என்னட்டக் கேட்டா, லோயர் பத்திரம் பாக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் அட்டவணையில பேரையும் நாலு எல்லையையும் ஆறுதலா வாசியுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

பேர் விசயத்தில கொழும்புக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. ஒரே இடத்துக்கு மூண்டு பேர், மூண்டும் மூண்டு பக்கத்திலயிருந்து வந்தது. இங்கிலீசில சீ ஸ்ட்ரீட், தமிழில செட்டியார் தெரு, சிங்களத்தில ஹெட்டி வீதிய. கடல் பக்கம் எண்டதை வெள்ளைக்காரன் பாத்தான், அங்க கடை போட்டு இருந்தது ஆர் எண்டதை ஊராக்கள் பாத்தவை. ஹல்ஃப்ஸ்டொர்ப் எண்டது 1656 முற்றுகையில செத்த ஒல்லாந்தத் தளபதி ஹெரார்ட் ஹுல்ஃப்டின்ர பேர், ஆனா நீதிமன்றத்துக்குப் போற தமிழன் 'புதுக்கடைக்குப் போறன்' எண்டுதான் சொல்லுவான், சிங்களவர் அளுத்கடே எண்டுவினம், ரெண்டும் ஒண்டுதான். கறுவாத்தோட்டம், சினமன் கார்டன்ஸ், குருந்துவத்த மூண்டும் ஒரே கதை, ஒல்லாந்த ஆளுநர் ஃபல்க் 1760-களின்ர கடைசியில மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டப் பயிராப் போடத் தொடங்கின இடம். மருதானைக் கோயிலடியைக் கப்பித்தாவத்தை எண்டுறம், அது கப்டனின்ர தோட்டம். கொம்பனித்தெருவுக்கு இங்கிலீசில ஸ்லேவ் ஐலண்ட் எண்டு பேர், ஒல்லாந்தர் அடிமைகளை இரவில அடைச்சு வச்ச இடம் எண்டதால வந்தது. தமிழிலயும் சிங்களத்திலயும் அந்த அடிமைப் பேர் ஒரு நாளும் இருக்கேல்ல, கொம்பனித்தெரு, கொம்பஞ்ஞ வீதிய எண்டுதான் சனம் சொன்னது. 2022-இல அரசாங்கம் மூண்டு மொழியிலயும் அந்தப் பேரையே பாவிக்கச் சொன்னது, சரியான முடிவு எண்டு நினைக்கிறன், அதே நேரம் ஸ்லேவ் ஐலண்ட் எண்ட சொல் பழைய பிளான், உறுதி எல்லாத்திலயும் அப்பிடியே இருக்கும், அதைத் தேடத் தெரிஞ்சிருக்க வேணும். அந்த அடிமைகளைப் பற்றின சாட்சியும் அந்தச் சொல்லோடதான் இருக்கு.

வீதிப் பேர் மாறினதும் இப்பிடித்தான். டரட் ரோட் எண்டு எல்லை போட்ட உறுதிக்காரர் தர்மபால மாவத்தையில நிண்டு தேடிக்கொண்டு நிக்கக்கூடாது. சர்வே பதிவில பேர் மாறாது, அந்த நாளைய பேர் அந்த நாளையோட உறைஞ்சு போகும்.

பழைய பாதைக்கு வருவம். களனிப் பள்ளத்தாக்குத்தான் கொழும்பிலயிருந்து உள்நாட்டுக்குப் போன இயற்கையான வழி. மல்வானையில போர்த்துக்கேயத் தளபதி இருந்தது, ஹங்வெல்லயில கோட்டை கட்டினது, அதுக்கு மேல சீதாவாக்கை எண்டு எல்லாம் ஆத்தோரமா வரிசையா வாறது அதாலதான். 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ராச்சியக் காலத்துச் சிங்களத் தூதுக் கவிதைகளில பறவை போற வழி ஊர் ஊராச் சொல்லப்படும், அதுவும் ஒரு பாதைப் பதிவுதான், கவிஞர் பாடினது எண்டதால தள்ளி வைக்கத் தேவையில்ல. சக்கரம் வச்ச வண்டி போற வீதி உள்நாட்டுக்கு வந்தது 1820-களில, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில, கண்டி வீதியைப் போட்டதில முன்னுக்கு நிண்ட கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில கோபுரமே இருக்கு. 1832-இல கொழும்பு கண்டி தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கிச்சு.

ஆனா எனக்கு எல்லாத்தையும்விடப் பிடிச்ச பதிவு எங்கட கண்ணுக்கு முன்னாலேயே பஸ் போர்டில இருக்கு. அவிசாவளைக்கு ரெண்டு வீதி. ஒண்டு லோ லெவல் ரோட், ஒருகொடவத்தையில தொடங்கி வெல்லம்பிட்டி, அம்பத்தளை, கடுவெல, ஹங்வெல்ல எண்டு ஆத்தோடயே போகும். மற்றது ஹை லெவல் ரோட், கிருலப்பனை, நுகேகொடை, மஹரகம, ஹோமாகம எண்டு மேட்டால போகும். தினமும் 'ஹைலெவல்' எண்டு சொல்லுறம், எதுக்கு ஹை, எதைவிட ஹை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. கங்கை பெருகினா எந்த வீதி மூடும், எந்த வீதி திறந்திருக்கும் எண்டதை வீதியின்ர பேரிலேயே எழுதி வச்சிருக்கினம். வெள்ள நேரத்தில கீழ் வீதியில பஸ் நிண்டு போக, மேல் வீதியில சனம் நெருக்கிக்கொண்டு போறதைப் பாத்தவைக்கு இது விளங்கும்.

தண்ணி எப்பவும் குறைஞ்சுதான் வந்தது எண்டும் நினைக்கக்கூடாது. பேரை வாவி சுருங்கினது உண்மை, முந்தி 165 ஹெக்டயர் மட்டில இருந்தது இப்ப சுமார் 65. ஒல்லாந்த எஞ்சினியர் டி பீர் பேரால அந்தப் பேர் வந்தது எண்டு பொதுவாச் சொல்லுவினம், 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில பெரும்பாலும் கொழும்பு ஏரி எண்டுதான் இருக்கும். கோட்டைக்குப் பாதுகாப்பா இருந்த தண்ணி அது, 1869-க்குப் பிறகு கோட்டைச் சுவரையே இடிச்சவை, பிறகு ஏரியின்ர ஓரத்தை நிரப்ப ஆருக்கும் தயக்கம் வந்திருக்காது. ஆனா தியவன்னாவைப் பாருங்கோ, 1982-இல பாராளுமன்றம் திறந்தது, அதுக்காகச் சதுப்பைத் தோண்டித்தான் இண்டைக்கு நாங்கள் பாக்கிற பெரிய ஏரி வந்தது. அதுக்கு முந்தின ஷீட்டில அந்த இடம் சதுப்பும் வயலும். பழைய படத்தில இல்லாத தண்ணி இப்ப இருக்கு, பழைய படத்தில இருந்த தண்ணி இப்ப இல்ல, ரெண்டையும் ஒரே கண்ணால பாக்க வேணும். ஹமில்டன் கால்வாயும் அப்பிடித்தான், ஒல்லாந்தர் வெட்டினது எண்டு எல்லாரும் ஒரே மூச்சில சொல்லுவினம், களனியிலயிருந்து நீர்கொழும்புப் பக்கம் போற அந்தத் துண்டு 1802 அளவில இங்கிலீசுக்காரர் காலத்தில கெவின் ஹமில்டன் எண்ட அதிகாரியின்ர பேரில வந்தது. வத்தளையில நிண்டு 'டச்சுக் கால்வாய்' எண்டு காட்டுறவைக்கு இதைச் சொன்னா நம்ப மாட்டினம், ஆனா பதிவு அப்பிடித்தான் சொல்லுது.

பேர்க் கதைகளில கவனம் வேணும். கொழும்பு எண்ட பேருக்கு எத்தினையோ கதை இருக்கு, மாவிலை எண்டு ஒண்டு, கொலம்பஸ் எண்டு ஒண்டு. இபின் பதூதா 1344-இல இங்க வந்து களன்பு எண்டு எழுதி வச்சிட்டுப் போனார், போர்த்துக்கேயர் வந்தது 1505-இல. ஒரு வருசக் குறிப்பு ஒண்டு ஒரு கதையை அடியோட முடிச்சு வைக்குது. அதுக்காக மற்றக் கதை எல்லாம் உண்மை எண்டு ஆகாது. ஒரு பேரின்ர கருத்தை ஓசையை வச்சு மட்டும் முடிவெடுக்கிறதைவிட, அந்தப் பேர் எந்த வருசப் பதிவில, எந்த எழுத்தில முதல்ல வருது எண்டு பாக்கிறது நல்லது. தமிழ்ப் பேரா சிங்களப் பேரா எண்டு கட்டிப்பிடிச்சுச் சண்டை போடுற இடங்களில இது இன்னும் முக்கியம். வெள்ளவத்தையில தமிழர் நிறைஞ்சிருக்கிறம், ஆனா வெல்ல எண்ட மணலும் வத்த எண்ட தோட்டமும் சிங்களச் சொல். முட்வால் எண்டு இங்கிலீசுக்காரன் எழுதினது எங்கட முகத்துவாரத்தை. ரெண்டு மொழியும் ஒரே தெருவில பிழங்கின ஊர் இது, அதைப் பதிவே சொல்லுது, நாங்கள் ஏன் மறைக்க வேணும்.

ஒரு கல்லைப் பற்றியும் சொல்ல வேணும். சீனத் தளபதி செங் ஹி கொண்டு வந்த மூண்டு மொழிக் கல்வெட்டு, 1409 எண்டு திகதி போட்டது, சீனம், தமிழ், பாரசீகம். அது 1911-இல காலியில கண்டுபிடிக்கப்பட்டது ஒரு மதகுக்கு மூடியாப் போட்டிருந்த கல்லா. இப்ப கொழும்பு நூதனசாலையில நிக்குது. 15-ஆம் நூற்றாண்டில இந்தக் கரையோர வாணிபத்தில தமிழ் எந்த இடத்தில இருந்தது எண்டதுக்கு அதுக்கு மேல சாட்சி தேவையில்ல, ஆனா அது வீதியோரக் கானுக்கு மேல கவிழ்ந்து கிடந்த நாளெல்லாம் அதுக்கு மேலால சனம் நடந்துதான் போனது.

இப்ப நடக்கிற மாற்றம் ஒண்டுதான் எனக்குக் கவலை. 1998-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தோட, பிம் சவிய எண்டு சொல்லுற திட்டத்தில, காணியை அடையாளம் காட்டுறது கடஸ்ட்ரல் வரைபட (ஒவ்வொரு காணித் துண்டையும் எல்லையோட காட்டுற படம்) இலக்கம், புளொக் இலக்கம், துண்டு இலக்கம். போலி உறுதி, இரட்டை உறுதி எண்டு அலைஞ்ச சனத்துக்கு அது பெரிய நிம்மதி, அந்த வேலை வேணும், அதில மாற்றுக் கருத்து இல்ல. ஆனா இலக்கம் வந்தாப் பிறகு அம்பகஹவத்த, இன்ன தெனிய, இன்ன கும்புற எண்ட பேரைச் சொல்ல ஒருத்தருக்கும் தேவை இருக்காது. ஒரு கிராமத்துக்குள்ள நூற்றுக்கணக்கில கிடந்த காணிப் பேருகள் வரைபடத்தில ஒரு நாளும் ஏறினது இல்ல, அது இருந்ததே தோம்பிலயும் உறுதியிலயும் ஊராக்களின்ர வாயிலயும்தான். நகர அபிவிருத்தியில இருக்கிறவை வடிகால் திட்டம் போடேக்க இந்தப் பேருகளையும் ஒரு தரவா எடுக்க வேணும் எண்டு நான் நினைக்கிறன். 2018-இல கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின்ர கீழ ஈரநில நகரமா அங்கீகரிக்கப்பட்டது, மிஞ்சியிருக்கிற ஈரநிலத்தைக் காப்பாத்துறது ஒரு பக்கம், நிரப்பின ஈரநிலம் எது எண்டு அறிய உறுதி அட்டவணையைவிடக் கிட்டத்துச் சாட்சி இல்ல.

வீட்டில பழைய உறுதி இருக்கிறவை, அது வித்த காணியா இருந்தாலும் சரி, எறியாதேங்கோ. அட்டவணைப் பந்தியைப் போன்ல போட்டோ எடுங்கோ, பிளான் இலக்கம், பிளான் போட்ட வருசம், சர்வேயரின்ர பேர் மூண்டையும் சேத்துக் குறியுங்கோ, ஏனெண்டா இலக்கம் மட்டும் இருந்தா, ஒரே இலக்கத்தில வேற சர்வேயர் போட்ட பிளானும் இருக்கும். காணிப் பேரைத் தமிழில எழுதேக்க சிங்களத்திலயும் உறுதியில இருக்கிறபடியே எழுதி வையுங்கோ, அப்பதான் பிறகு தேடுறவருக்குப் பிடிபடும். அரசாங்கம் போட்ட பிளான் எண்டா நில அளவைத் திணைக்களத்தில இலக்கத்தைக் குடுத்துப் பிரதி கேக்கலாம், ஒல்லாந்தர் காலத்துக்குப் போக வேணுமெண்டா சுவடிகள் திணைக்களத்தில கோறளை, பத்து எண்ட பழைய நிர்வாகப் பிரிவுகள், பிறகு ஊர் எண்ட வரிசையில பேரைக் கொண்டு போனீங்களெண்டா அங்க இருக்கிறவைக்கு எந்தத் தொகுதியை எடுக்கிறது எண்டு விளங்கும்.